ஒரே செயலி, இரண்டு தண்டவாளம்

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856ல் ராயபுரத்திலிருந்து புறப்பட்டது. அது அகலப்பாதை, தண்டவாளங்களுக்கு நடுவே 1676 மில்லிமீட்டர் இடைவெளி. 1931ல் கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்ரயில் வந்தபோதோ அது 1000 மில்லிமீட்டர் மீட்டர்கேஜ். எனவே எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் ஏறித் தாம்பரம் போகிறவர்கள் நெடுங்காலம் கடற்கரையில் இறங்கி வண்டி மாறினார்கள். ஊர் ஒன்றுதான், பாதை இரண்டு.

லினக்ஸ் கணித்திரையின் கதையும் ஏறத்தாழ இதுவே. ஒரே செயலி ஒரு கணினியில் ஒரு முகமும் மற்றொன்றில் வேறு முகமும் காட்டுவது ஏன்? 1984ல் எம்ஐடியில் பிறந்த எக்ஸ் சாளர அமைப்பு, திரையில் வரைவதற்கான வழியை மட்டும் தந்தது. பொத்தானும் பட்டியலும் எப்படித் தோன்ற வேண்டும் என்று விதிக்க மறுத்தது. அந்த வெற்றிடத்தில் 1996ல் கேடிஇ, க்யூடி என்னும் கருவித்தொகுப்பின் மேல் எழுந்தது. க்யூடியின் உரிமம் அப்போது முழுமையாகக் கட்டற்றதாக இல்லை. அதை ஏற்காதோர் 1997ல் ஜிடிகேயைக் கொண்டு க்னோமைத் தொடங்கினர். 2000ல் க்யூடி ஜிபிஎல் உரிமத்திலும் வெளிவந்து பிணக்கு தணிந்தது. தண்டவாளங்கள் மட்டும் இரண்டாகவே நின்றன. 2002ல் ரெட் ஹாட் 8.0, ப்ளூகர்வ் என்ற ஒரே ஒப்பனையை இரண்டுக்கும் பூசியது. தங்கள் அடையாளம் அழிக்கப்படுவதாகக் கேடிஇ தரப்பில் சிலர் கொதித்தனர்.

ஒப்பனைச் சண்டை நமக்குப் பெரிதல்ல. எழுத்து பெரிது. 'கொ' என்பதில் கொம்பு மெய்க்கு முன்னும் கால் பின்னும் நிற்க வேண்டும்; யூனிகோடிலோ அந்த உயிர்க்குறி மெய்க்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகிறது. அதைப் பிரித்து இடம்மாற்றிக் கோக்கும் பணியை க்னோமில் பாங்கோவும் கேடிஇயில் க்யூடியும் தனித்தனியே செய்தன. ஓரிடத்தில் செம்மையாக நிற்கும் சொல், இன்னோரிடத்தில் கொம்பு இடறி நிற்க இடமிருந்தது. பின்னர் ஹார்ஃப்பஸ் என்னும் பொது நூலகத்தை இருதரப்பும் ஏற்றன. இன்று இரு திரைகளிலும் தமிழைக் கோக்கும் கை ஒன்றே.

2004ல் கடற்கரை–தாம்பரம் மீட்டர்கேஜ் மின்ரயில்கள் விடைபெற்றன. பாதை ஒன்றானதற்காக எவரும் ராயபுரம் நிலையத்தின் பழைய தூண்களைப் பெயர்த்து, எல்லா நிலையங்களையும் ஒரே அச்சில் வார்க்கவில்லை. கணித்திரைக்கும் இந்த நெறி போதும் என்பதே நம் எண்ணம். பொத்தானின் வண்ணமும் வளைவும் அவரவர் விருப்பமாக இருக்கட்டும். எழுத்து ஓடும் தண்டவாளம் மட்டும் எங்கும் ஒரே அகலத்தில் இருக்கட்டும்.