திரும்பி வராத ஒருவர்: டாக்டர் கோட்னிஸ் படமும் வரலாறும்

சென்னைக்கும் பம்பாய்க்கும் இடையே ரயிலில் சென்று வந்த தமிழ்க் குடும்பங்களுக்கு ஷோலாப்பூர் அறிமுகமான நிலையமே. அவ்வூரின் போர்வைகள் நம் இல்லங்களில் பலவற்றில் உண்டு. ஆனால், உலக வரலாற்றில் இடம்பெற்ற மருத்துவர் ஒருவரை ஈன்ற ஊர் அது என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்?

துவாரகாநாத் கோட்னிஸ் 1910-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் ஷோலாப்பூரில் பிறந்தார். பம்பாயில் மருத்துவம் பயின்றார். 1937-இல் ஜப்பான் சீனத்தின்மீது பெரும்போர் தொடுத்தது. சீனப் படைத்தலைவர் சூ தே, மருத்துவ உதவி வேண்டி நேருவுக்கு எழுதினார். அப்போது காங்கிரசுத் தலைவராயிருந்த சுபாஷ் சந்திர போஸ் மக்களிடம் நிதி வேண்டினார். 1938 செப்டம்பரில் ஐந்து மருத்துவர்கள் கப்பலேறினர். அலகாபாத்தைச் சேர்ந்த அடல், நாகபுரியைச் சேர்ந்த சோல்கர், கல்கத்தாவைச் சேர்ந்த பாசு, முகர்ஜி, இவர்களுடன் இளைஞர் கோட்னிஸ். தன் நாடே அடிமைப்பட்டுக் கிடந்த காலத்தில், அயல்நாட்டின் துயருக்கு இரங்கிக் கைகொடுத்த பண்பு இதிலே விளங்குகிறது.

நால்வர் தாயகம் திரும்பினர், கோட்னிஸ் திரும்பவில்லை. எழுத்தாளர் குவாஜா அகமது அப்பாஸ் 1944-இல் இவ்வரலாற்றை ஆங்கில நூலாக எழுதியபோது, ‘ஒருவர் மட்டும் திரும்பி வரவில்லை’ என்னும் பொருள்படவே அதற்குப் பெயரிட்டார். அந்நூலின் அடிப்படையில் 1946-இல் வி. சாந்தாராம் இந்தியில் எடுத்த படமே ‘டாக்டர் கோட்னிஸ் கீ அமர் கஹானி’. சாந்தாராமே கோட்னிசாகவும், ஜெயஸ்ரீ அவருடைய சீன மனைவியாகவும் நடித்தனர். வசந்த் தேசாய் இசையமைத்தார். ஆங்கில வடிவமும் ஒன்று உருவாக்கப்பட்டது. கோட்னிஸ் மறைந்து நான்கே ஆண்டுகளில், விடுதலையின் வாயிலில் நின்ற நாட்டுக்கு, அவர் பெயரை வீடுதோறும் கொண்டு சேர்த்த பெருமை இப்படத்தையே சாரும்.

எனினும் வரலாறு பயில்வோர் படத்தையும் உண்மையையும் ஒப்பிட்டுக் காணல் வேண்டும். படத்தில் கோட்னிஸ் கொள்ளை நோயை எதிர்த்துப் போராடி, அதற்கு மருந்து காண்கிறார். பகைவரிடம் சிக்கித் தப்புகிறார். இறுதியில் அந்நோய்க்கே இரையாகிறார். திரைக்கேற்ற முடிவு என்பதில் ஐயமில்லை. உண்மையோ வேறு.

1939 தொடக்கத்தில் யெனான் சேர்ந்த கோட்னிஸ், பின்னர் வடசீனத்துப் போர்முனைக் கிராமங்களுக்குச் சென்றார். அப்பகுதியில் தொண்டாற்றிய கனடிய அறுவை மருத்துவர் நார்மன் பெதூன், 1939 நவம்பரில் அறுவையின்போது பட்ட காயத்தால் குருதி நஞ்சாகி மாண்டிருந்தார். அவர் பெயரால் அமைந்த மருத்துவமனைக்கு 1941-இல் கோட்னிஸ் தலைவரானார். மருத்துவமனை என்றதும் நம் நகரங்களின் மாடிக் கட்டடங்களை எண்ண வேண்டா. கிராமத்து வீடுகளே நோயாளர் கூடங்கள். பகைவரின் முற்றுகையால் மருந்துகள் அரிதாயின. பகைவர் நெருங்கினால் நோயாளரையும் சுமந்துகொண்டு இடம்பெயர வேண்டும். ஒரு போரின்போது 72 மணி நேரம் ஓய்வின்றி அறுவை செய்தார் என்பர். போர்வீரரோடு கிராமத்து மக்களுக்கும் அவரே மருத்துவர். சீனம் பேசவும் படிக்கவும் கற்றதோடு அமையாமல், அம்மொழியிலேயே அறுவை மருத்துவப் பாடநூல் எழுதவும் முற்பட்டார்.

வள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தில் நோயாளி, மருத்துவன், மருந்து, துணைநிற்போன் என மருத்துவத்தை நான்காக வகுப்பார். மருந்து என்னும் ஒரு கூறு குறைந்த இடத்தில், எஞ்சிய மூன்றையும் கொண்டு கோட்னிஸ் உயிர்களைக் காத்தார் எனலாம். துணைநின்றவருள் ஒருவரான செவிலிப் பயிற்சி ஆசிரியை குவோ சிங்லான் அவர்தம் வாழ்க்கைத் துணையும் ஆனார். 1942 ஆகஸ்டில் பிறந்த மகனுக்கு ‘யின்ஹுவா’ என்று பெயரிட்டனர். ‘யின்’ இந்தியா, ‘ஹுவா’ சீனம். அதே ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் கோட்னிஸ் மறைந்தார். அகவை 32. அவர் உயிரைக் கவர்ந்தது கொள்ளை நோயன்று, வலிப்பு நோய்.

இங்கேதான் நம் மனம் சற்று நிற்கிறது. வலிப்பு நோய் நம் இல்லங்களில் இன்றும் மறைத்துப் பேசப்படுவது. திருமணப் பேச்சில் ஒளிக்கப்படுவது. கோட்னிசோ அந்நோய் மீண்டும் மீண்டும் தாக்கியும் பணியினின்று விலகாதவர். காரணம் எதுவாயினும், படம் இந்த உண்மையை விடுத்து வேறொரு சாவை அவருக்கு அளித்தது. கொள்ளை நோயை வென்று வீழ்ந்த வீரனைவிட, தன் உடலின் குறையை அறிந்தும் பிறர் உடலைப் பேணிய மனிதரே நமக்கு உயர்ந்தவராகத் தோன்றுகிறார். நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய கதையும் அதுவே.

மற்றொரு வேறுபாடும் உண்டு. படத்தின் இறுதியில் மனைவி குழந்தையுடன் ஷோலாப்பூர் இல்லத்திற்கு வருகிறாள். வாழ்க்கையில் குவோ சிங்லான் சீனத்திலேயே வாழ்ந்து, இந்தியாவிற்குப் பலமுறை வந்து உறவினரைக் கண்டு மீண்டு, 2012-இல் மறைந்தார். மகன் மருத்துவம் பயின்று, பட்டம் பெறும் தறுவாயில் 24 வயதிலேயே இறந்தான். 1962-இல் இரு நாடுகளும் போரிட்ட பின்னரும் கோட்னிசின் புகழ் அங்கே மங்கவில்லை. 1982-இல் சீனமும் 1993-இல் இந்தியாவும் அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டன. சீனத்து ஷிஜியாசுவாங் நகரில் அவருடைய கல்லறை உள்ளது.

பிறந்த மண்ணை விட்டுப் பிழைப்பின் பொருட்டு வந்த நாம், ‘என்று ஊர் திரும்புவோம்’ என்று ஓயாது கேட்டுக்கொள்கிறோம். நமக்குச் சோறிட்ட ஊருக்கு நாம் என்ன செய்தோம் என்று கேட்பது அரிது. சென்ற ஊரின் மொழியைக் கற்று, அவ்வூராரின் நோய் தீர்த்து, அம்மண்ணிலேயே உறங்கும் கோட்னிஸ் அவ்வினாவை நம்முன் வைக்கிறார். அடுத்த முறை நம் ரயில் ஷோலாப்பூரில் நிற்கும்போது, போர்வை விலை கேட்பதற்கு முன், இவ்வரலாற்றை நம் குழந்தைகளுக்குக் கூறுவோமாக.