கையைக் கட்டிக்கொண்டு வாயால் பேசு

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் உள்ளவர்கள் வாசியுங்கள்.

என் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு ஜப்பான் அனிமே பைத்தியம். அதில் ஒரு பிள்ளை, "சேர், இந்தப் படத்தப் பாருங்க, நான் அழுதுட்டேன்" என்று ஒரு படத்தின் பெயரை எழுதித் தந்தது. கார்ட்டூன் பார்த்து அழுவதா என்று நினைத்துக்கொண்டுதான் பார்க்க உட்கார்ந்தேன். முடிந்தபோது இரவு ஒரு மணி. அதன் பிறகு இரண்டு கிழமையாக வேறொன்றைத் தேடி வாசித்துக்கொண்டிருக்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

படம் ‘கோயெ நோ கத்தாச்சி’. ‘குரலின் வடிவம்’ என்று சொல்லலாம். ஓய்மா யொஷித்தோக்கி என்ற பெண் எழுதி வரைந்த சித்திரக் கதை. கியோட்டோ அனிமேஷன் நிறுவனத்துக்காக யமாதா நவோக்கோ இயக்கி, 2016 செப்டெம்பரில் வெளிவந்தது. ஆறாம் வகுப்புக்குப் புதிதாக வருகிறாள் ஷோக்கோ. காது கேளாத பிள்ளை. ஒரு கொப்பியை நீட்டி, என்னோடு பேசுவதென்றால் இதில் எழுதுங்கள் என்கிறாள். இஷிதா ஷோயா என்ற பையன் அவள் குரலைப் போலப் பேசிக் காட்டிச் சிரிக்கிறான், காதில் இருக்கும் கருவியைப் பிடுங்கி எறிகிறான். பல கருவிகள் தொலைந்த பிறகு விசாரணை வருகிறது. கூடச் சிரித்த எல்லோரும் ஷோயாவைக் கைகாட்டுகிறார்கள். அவள் வேறு பாடசாலைக்குப் போகிறாள், இவன் தனித்துப் போகிறான். சில வருடங்கள் கழித்து, சைகை மொழி படித்துக்கொண்டு, அதே கொப்பியோடு அவளைத் தேடிப் போகிறான்.

பகிடிவதை பற்றிய படம் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். சரிதான். ஆனால் ஆசிரியனாக என்னை உறுத்தியது வேறொரு சிறிய காட்சி. ஒரு ஆசிரியை வகுப்புக்கு வந்து, தினமும் காலையில் கொஞ்ச நேரம் எல்லோரும் சைகை மொழி பழகுவோமா என்று கேட்கிறார். எழுதிக் காட்டுவது லேசுதானே என்று ஒரு மாணவி மறுக்கிறாள். சஹாரா என்ற பிள்ளை மட்டும் நான் பழகுகிறேன் என்று கையை உயர்த்துகிறது. அதற்காகவே அந்தப் பிள்ளையையும் வதைத்து, அது பாடசாலைக்கே வராமல் போகிறது.

இது இன்றைய ஜப்பான். அவ்வளவு முன்னேறிய நாட்டில், கையால் பேசுவது ஏன் வகுப்பறைக்கு இவ்வளவு அந்நியமாக இருக்கிறது? இந்தக் கேள்வியோடுதான் வரலாற்றுக்குள் போனேன்.

ஜப்பானில் காது கேளாத, பார்வையற்ற பிள்ளைகளுக்கான முதல் பாடசாலை 1878 மே மாதம் கியோட்டோவில் திறக்கப்பட்டது. தொடங்கியவர் ஃபுருக்காவா தாஷிரோ என்ற சாதாரண ஆசிரியர். விவசாயிகளுக்கு உதவப் போய்ச் சிறைக்குப் போனவர் அவர். சிறையின் ஜன்னலால் பார்த்தபோது, காது கேளாத ஒரு பிள்ளையை மற்றப் பிள்ளைகள் கேலி செய்து வதைப்பதைக் கண்டாராம். வெளியே வந்ததும் அந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கத் தொடங்கினார் என்று சொல்வார்கள். ஜன்னல் கதை எந்தளவு உண்மையோ, அவர் பிள்ளைகளின் கையசைவுகளையே எடுத்து ஒழுங்குபடுத்திப் பாடம் நடத்தினார் என்பது உண்மை. எழுத்தும் பேச்சும் அதோடு சேர்ந்தே போயின.

இரண்டு வருடம் கழித்து, 1880இல், இத்தாலியின் மிலான் நகரில் காது கேளாதோர் கல்விக்கான சர்வதேச மாநாடு கூடியது. வாக்களித்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் காது கேட்பவர்கள். சைகையை விட்டு வாய்ப்பேச்சால் மட்டும் கற்பிக்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள். யாருடைய வாழ்க்கையோ அவர்களை வெளியே நிறுத்திவிட்டு எடுத்த முடிவு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சைகை தெரிந்த ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள்.

அந்த அலை ஜப்பானுக்கு மெதுவாகத்தான் வந்தது. 1920இல் டோக்கியோவில் வாய்மொழி முறைக்கென்றே ஒரு பாடசாலை தொடங்கியது. தொடங்கியவர்கள் ரைஷாவர் என்ற அமெரிக்க மிஷனரித் தம்பதி. அவர்களின் மகளுக்குக் காது கேட்காது. (பிற்காலத்தில் ஜப்பானுக்கு அமெரிக்கத் தூதுவராக வந்த எட்வின் ரைஷாவர் அந்தப் பிள்ளையின் சகோதரர்.) ஷிகா மாகாணத்தில் நிஷிக்காவா யொஷினொசுக்கே என்ற தகப்பன், காது கேளாத தன் மகள் ஹமாக்கோவைப் பேச வைக்கத் தன் சொத்தையும் காலத்தையும் செலவழித்தார். அந்தப் பிள்ளை வானொலியிலும் பேசியது. நாடே வியந்தது.

இவர்களை வில்லன்களாக்க எனக்கு மனம் வரவில்லை. பிள்ளை ‘உம்மா’ என்று கூப்பிட மாட்டாளா என்று ஏங்காத தாய் தகப்பன் உண்டா? பிழை அங்கே இல்லை. ஒரு வீட்டின் ஆசை நாட்டின் சட்டம் போல ஆனதில்தான் பிழை.

1933 ஜனவரியில், காது கேளாதோர் பாடசாலை அதிபர்களின் கூட்டத்தில் அன்றைய கல்வி அமைச்சர் ஹத்தோயாமா இச்சிரோ உரையாற்றினார். பிற்காலத்தில் பிரதமரானவர். இந்தப் பிள்ளைகளும் தேசிய மொழியைப் பேசும் நல்ல குடிமக்களாக வேண்டும், ஆகவே வாய்மொழிக் கல்விக்கு முதலிடம் கொடுங்கள் என்பதுதான் உரையின் சாரம். தேசியவாதம் உச்சத்தில் இருந்த காலம். அமைச்சர் சொன்னால் அதிபர்கள் என்ன செய்வார்கள்? எங்களுக்குத் தெரியாததா! சுற்றறிக்கை வந்தால் காரணம் கேட்கும் அதிபர் எத்தனை பேர்?

ஒருவர் கேட்டார். ஒசாக்கா நகரப் பாடசாலையின் அதிபர் தக்காஹாஷி கியோஷி. வாய்மொழி முறையை அவர் அடியோடு எதிர்க்கவில்லை. பேசப் பழகக்கூடிய பிள்ளைக்குப் பேச்சைக் கொடுங்கள், பழக முடியாத பிள்ளைக்குச் சைகையைக் கொடுங்கள், பிள்ளைக்கு ஏற்றபடி முறை மாறட்டும் என்பதே அவர் வாதம். பேச்சில் தேறாத பிள்ளை படிப்பில்லாமலே போய்விடும் என்று அவர் பயந்தார். அவருடைய பாடசாலையில் பிள்ளைகள் சைகையால் நாடகம் போட்டார்கள். அங்கிருந்த ஆசிரியர் ஓசொனே கென்சுக்கே அமெரிக்கா போய் ஹெலன் கெல்லரைச் சந்தித்துத் திரும்பி, ஜப்பானிய எழுத்துகளை ஒரு கை விரல்களால் காட்டும் முறையை உருவாக்கினார். இன்றும் அங்கே பாவிக்கும் விரலெழுத்துக்கு அதுதான் அடிப்படை. இந்த அதிபரின் கதையையே 1990களின் தொடக்கத்தில் யமமோத்தோ ஒசாமு சித்திரக் கதையாக வரைந்தார். ஷோக்கோவுக்கு முன்னமே இந்த வரலாறு அந்த ஊர் சித்திரக் கதைக்குள் வந்துவிட்டது என்பதை அறிந்தபோது ஆச்சரியப்பட்டேன்.

ஆனால் ஒசாக்கா ஒரு தீவு. மற்ற இடங்களில் கை தோற்றது. போருக்குப் பிறகு, 1948இல் இந்தப் பிள்ளைகளுக்குக் கட்டாயக் கல்வி வந்தது. வகுப்பில் சைகை வரவில்லை. கையை அசைத்ததற்காக அடி வாங்கியதையும், கையைப் பின்னால் கட்டி நின்றதையும் அந்தத் தலைமுறையினர் நிறையச் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைகள் விடுதியில், ஆசிரியர் இல்லாத நேரத்தில், பெரிய பிள்ளைகளிடமிருந்து சிறிய பிள்ளைகள் என்று களவாகத்தான் தங்கள் மொழியைப் படித்தார்கள்.

உதட்டைப் பார்த்து விளங்கிக்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்பதை நாங்கள் யோசிப்பதில்லை. ஜப்பானில் ஒரு உதாரணம் சொல்வார்கள்: தமாகோ என்றால் முட்டை, தபாகோ என்றால் புகையிலை. உதட்டில் இரண்டும் ஒன்று. கண்ணாடி முன்னால் நின்று ‘பாடு’, ‘மாடு’ என்று சத்தமில்லாமல் சொல்லிப் பாருங்கள், விளங்கும். இப்படி ஊகித்து ஊகித்து ஒரு பிள்ளை விஞ்ஞானமும் வரலாறும் படிக்க வேண்டும். ஒரு சொல்லை உச்சரிக்க ஒரு மாதம் போகும். அந்த மாதத்தில் மற்றப் பிள்ளைகள் ஒரு பாடத்தையே முடித்திருப்பார்கள்.

1965 நவம்பரில், ஃபுருக்காவா தொடங்கிய அதே கியோட்டோ பாடசாலையின் மாணவர்கள், சித்திரம் வரைய வெளியே கூட்டிப்போகும் நிகழ்ச்சியைப் பகிஷ்கரித்தார்கள். ஆசிரியர்கள் தங்களைக் கீழாக நடத்துகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. அடுத்த வருடம் மார்ச் 3ஆம் திகதி வெளிவந்த அறிக்கை, காது கேளாதோர் உரிமை வரலாற்றில் இன்றும் பேசப்படுகிறது. 1979 வரை அந்நாட்டுச் சிவில் சட்டம், காது கேளாதவர்கள் சொத்து விடயங்களில் தனித்து முடிவெடுக்கத் தகுதி குறைந்தவர்கள் என்று வகைப்படுத்த இடம் கொடுத்திருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

பிறகு காற்று மாறியது. 1995இல் சைகை மொழி தனி மொழி, நாங்கள் அதைப் பேசும் சிறுபான்மையினர் என்று கிமுரா ஹருமியும் இச்சிதா யசுஹிரோவும் பிரகடனம் எழுதினார்கள். அதே வருடம் காது கேளாத பாத்திரங்கள் வந்த தொலைக்காட்சி நாடகங்களால் சைகை பழகுவது ஊரெல்லாம் பரவியது. 2003இல் பிள்ளைகளும் பெற்றோருமாக 107 பேர், பாடசாலையில் சைகை மொழியில் படிப்பிக்காதது மனித உரிமை மீறல் என்று சட்டத்தரணிகள் சம்மேளனத்திடம் முறையிட்டார்கள். 2008இல் டோக்கியோவில் சைகை மொழியிலேயே கற்பிக்கும் மெய்செய் பாடசாலை திறந்தது. மிலான் தீர்மானங்களை அந்த மாநாட்டின் வழிவந்தவர்கள் நிராகரித்தது 2010இல், 130 வருடம் கழித்து. 2011இல் ஜப்பானியச் சட்டம் சைகையையும் மொழி என்று எழுதியது.

அதே 2011இல்தான் ஓய்மாவின் கதையும் முதன்முதலாக அச்சில் வந்தது. 2008இல் அவர் போட்டிக்கு அனுப்பி வென்ற கதை அது. விடயம் சிக்கலானது என்று தயங்கி வைத்திருந்து, ஜப்பான் காது கேளாதோர் சம்மேளனத்தோடு பேசிய பிறகே வெளியிட்டார்கள். ஓய்மாவின் தாய் ஒரு சைகை மொழிபெயர்ப்பாளர். தலைப்பில் ‘குரல்’ என்பதற்கு வேண்டுமென்றே பழைய எழுத்தைப் போட்டிருக்கிறார்கள். அந்த எழுத்துக்குள் ‘காது’ என்ற எழுத்தும் இருக்கிறது.

இப்போது படத்தின் ஒரு காட்சியைத் திரும்பப் பாருங்கள். ஷோக்கோவுக்கு ஷோயாவைப் பிடித்திருக்கிறது. சைகையில் சொன்னால் ஒரு நொடியில் விளங்கியிருக்கும், அவனுக்கு அது தெரியும். ஆனாலும் அன்று அவள் வாயால் சொல்லப் பார்க்கிறாள். ‘சுக்கி’ என்றால் பிடிக்கும். அவள் உச்சரிப்பில் அது அவனுக்கு ‘ட்சுக்கி’ என்று கேட்கிறது, அதாவது சந்திரன். ஆமாம், இன்று சந்திரன் அழகாக இருக்கிறது என்கிறான் பையன். அவள் வெட்கப்பட்டு ஓடிவிடுகிறாள்.

முதல் தடவை பார்த்தபோது சிரித்தேன். இதெல்லாம் வாசித்த பிறகு இரண்டாம் தடவை பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. வாயால் சொன்னால்தான் சொன்னதாகக் கணக்கு என்று அந்தப் பிள்ளைக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

நேற்று என் வகுப்பில், கேள்விக்கு விடை தெரிந்தும் எழும்பிச் சொல்லக் கூச்சப்படும் ஒரு பையனிடம், வழமை போல "சத்தமாச் சொல்லு" என்று தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன். கரும்பலகைப் பக்கம் கையைக் காட்டினேன். வந்து எழுதினான். விடை சரி.