சையமும் பொதியிலும்

தமிழர் போற்றும் பொதியிலும் மராட்டியர் போற்றும் சகியாத்திரியும் ஒரே மலைத்தொடரின் பகுதிகளே. தபதி ஆற்றின் தெற்கே தொடங்கிக் குமரிமுனையருகே முடியும் மேற்குத் தொடர்ச்சி மலையின் நீளம் ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர். அதன் வடபகுதி, சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு உறைந்து உருவான கரும்பாறை. தென்பகுதிப் பாறைகளோ அதனினும் மிகத் தொன்மையானவை. 2,695 மீட்டர் உயர்ந்த ஆனைமுடியே தலையாய சிகரம்.

இம்மலையிலுள்ள இராய்கட் கோட்டையில்தான் 1674இல் சிவாஜி முடிசூடினார். போர்க்காட் மலைச்சரிவில் இருப்புப்பாதை 1863இல் திறக்கப்பட்டது. அதனை அமைக்கையில் ஆயிரக்கணக்கான தொழிலாளர் நோய்க்கும் விபத்துக்கும் இரையாயினர். 1871இல் சென்னைப் பாதை இராய்ச்சூரில் வந்திணைந்தது. அவ்வழியேதான் நம் முன்னோர் பலர் பிழைப்பு நாடி இந்நகருக்கு வந்தனர்.

குற்றால அருவியை நிறைக்கும் தென்மேற்குப் பருவக்காற்றே மும்பையையும் நனைக்கிறது. தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் நாம் பருகும் நீரின் பெரும்பகுதி, வைதரணா, பாத்சா ஆறுகளின் வாயிலாக இம்மலை ஈந்ததே.

2012இல் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்ட இத்தொடரின் காடுகள் இன்று குறைந்து வருகின்றன. இங்குப் பிறந்த நம் மக்கள் இதனை அயலார் மலையெனக் கருதலாகாது. பொதியிலின் மறுமுனை இதுவென அவர்கட்கு உணர்த்துதல் நம் கடன்.