குருதிப் புத்தகங்கள்

லிவர்பூலில் 1952-இல் பிறந்த கிளைவ் பார்க்கரின் அச்சச் சிறுகதைகள். ஆறு தொகுதிகளாக 1984, 1985 ஆண்டுகளில் பிரிட்டனில் வெளிவந்தன. பழைய பேய்க்கதைகள் நிழலாலும் காலடியோசையாலும் உணர்த்தியதை இவை வெளிச்சத்தில் நிறுத்தின: கிழியும் தசை, உருமாறும் உடல்.

தொகுதிகளின் சிகரம் 'மலைகளில், நகரங்கள்'. யுகோஸ்லாவியாவின் இரண்டு ஊர்களின் மக்கள் ஒருவரோடொருவர் பிணைந்து இரு பேருருவங்களாக எழுகிறார்கள்; ஒன்று சரிந்ததும் ஆயிரக்கணக்கானோர் நசுங்கி மடிகிறார்கள். அங்கே நம்மை உலுக்குவது குருதியன்று. தனிமனிதர் கூட்டத்துக்குள் கரைந்துபோவதுதான். கோரம் இங்கே ஒரு சிந்தனையைச் சுமக்கிறது. நியூயார்க் சுரங்க ரயிலில் நிகழும் 'நள்ளிரவு இறைச்சி ரயில்' அவ்வளவு வலிமையானதன்று. தொங்கும் பிணங்களின் வருணனை நீள நீள வாசகர் மனம் மரத்துப்போகிறது. இறுதியில் நகரின் ஆதிப் பிதாக்கள் வெளிப்படும்போதே கதை மீண்டும் உயிர்பெறுகிறது.

அச்சக்கதை எழுத்தாளர் ஸ்டீபன் கிங் 1981-இல் எழுதிய ஆய்வுநூலில் அச்ச எழுத்தை மூன்று படிகளாக வகுத்து, அருவருப்பைக் கடைசியில் வைத்தார். பார்க்கர் அந்தப் படியிலிருந்தும் மேலேற வல்லவர். 1986-இல் எழுத்தாளர் டேவிட் ஷோ 'ஸ்ப்ளாட்டர்பங்க்' என்று பெயரிட்ட, கோரத்தை அப்பட்டமாகக் காட்டும் போக்கில் வந்த பலர் அதிலேயே நின்றுவிட்டனர். எழுத்தோடு நில்லாமல், தம் குறுநாவல் ஒன்றைப் பார்க்கரே 1987-இல் 'ஹெல்ரெய்சர்' திரைப்படமாக இயக்கினார்.