வார்ப்பிரும்பு புல்லட்டின் கடைசிக் காலம்

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மரக்காணம் உப்பளங்களைத் தாண்டிப் புதுச்சேரிக்குப் போகும் புல்லட்டுகளில் ஒன்றிரண்டு மட்டும் தனியாகத் தெரியும். சத்தம் நிதானமாக, விட்டுவிட்டு அடிக்கும். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். வார்ப்பிரும்பு சிலிண்டர் வைத்த பழைய எஞ்சின் அது.

பிறந்த ஊர் இங்கிலாந்தின் ரெட்டிச். 346 சிசி, சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90. இந்த நீண்ட ஓட்டமும் கனத்த ஃப்ளைவீலும் சேர்ந்ததுதான் அந்தச் சத்தம். எல்லைக் காவலுக்கு இந்திய ராணுவம் புல்லட்டைக் கேட்டு வாங்கியது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச்சின் என்ஃபீல்ட் நிறுவனமும் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் முதலில் கப்பலில் வந்த பாகங்களைப் பூட்டினார்கள். பிறகு வார்ப்பு அச்சுகளும் கருவிகளும் வந்து, 1960களில் முழு வண்டியும் இங்கேயே உருவானது.

ரெட்டிச் ஆலை 1967-ல் மூடியது. 1970-ல் பிரிட்டிஷ் தயாரிப்பே நின்றது. 1977-ல் திருவொற்றியூர் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது!

முடிவைக் கொண்டுவந்தது புகை விதி. வார்ப்பிரும்பு சூட்டைச் சீக்கிரம் விடாது. கியர்பாக்ஸ் தனி, எஞ்சின் தனி. இணைப்புகளில் எண்ணெய் கசியும். எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் அடங்கிய புதிய அலுமினிய எஞ்சின் வந்ததும், 2010-ல் பழையது விடைபெற்றது. ரசிகர்கள் புலம்பினார்கள். ஆனால் வண்டி நிறுத்திய இடத்திலெல்லாம் எண்ணெய்க் கறையைத் துடைத்தவர்கள் அவ்வளவு புலம்பியிருக்க மாட்டார்கள்.

போனது எஞ்சின் மட்டுமல்ல, வண்டியைக் கிளப்பும் அந்த முறையும்தான். ஆம்பியர் மீட்டர் முள் நடுவில் வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்தி, டீகம்ப்ரஷர் லிவரைப் பிடித்து பிஸ்டனைச் சற்று நகர்த்தி, பிறகு ஒரே உதை. அவசரப்பட்டவரின் காலை வண்டி திருப்பி உதைக்கும். குதிகாலால் மிதித்தால் நியூட்ரலுக்கு வரும் தனி லிவரும் அதோடு போயிற்று.

புதிய எஞ்சினுக்கும் ஆயுள் குறைவுதான். பிஎஸ்-6 புகை விதி 2020 ஏப்ரலில் அமலுக்கு வருமுன் அதன் 500 சிசி வடிவம் நிறுத்தப்பட்டது. கடைசியாக 'டிரிப்யூட் பிளாக்' என்று கறுப்பு வண்டிகள் சில விற்றார்கள். 2023-ல் இன்னொரு புதிய எஞ்சினோடு புல்லட் 350 வந்தது. பழைய வார்ப்பிரும்பு வண்டி வைத்திருப்பவர்கள் இன்றும் பாகங்களுக்குச் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள்.