நந்தனா மலையும் புவியின் ஆரையும்

திரிகோணகணிதம் பயிலத் தொடங்கும் மாணவன் ஏற்றக்கோணம், இறக்கக்கோணம் என்பவற்றைக் கோபுரத்தின் உயரத்தோடும் கலங்கரை விளக்கத்தினின்று காணும் தோணியின் தூரத்தோடும் அறிந்து அமைகின்றான். இவ்விரு கோணங்களையுமே துணையாகக் கொண்டு புவியின் ஆரையைக் காண முயன்ற பேரறிஞர் ஒருவர் பதினோராம் நூற்றாண்டில் வாழ்ந்தார். 973இற் குவாரசம் நாட்டிற் பிறந்த அல்பீரூனியே அவர்.

அவருக்கு இருநூறாண்டுகளுக்கு முன், பக்தாதுக் கலீபா அல்மஃமூனின் வானியலறிஞர் பாலைவெளியில் வடக்குத் தெற்காகச் சென்று, ஒரு பாகைக்குரிய தூரத்தை நிலத்திலேயே அளந்தனர். அல்பீரூனியும் அவ்வாறு அளக்க விரும்பினார். துணைசெய்வார் இன்மையால் அது கைகூடவில்லை.

1017இற் குவாரசம் கஜினி மகமூதின் வசமாயிற்று. கஜினிக்குக் கொண்டுசெல்லப்பட்ட அல்பீரூனி, பின்னர்ப் பஞ்சாபில், இன்று பாகிஸ்தானிலுள்ள நந்தனாக் கோட்டையிலே தங்க நேர்ந்தது. ஆங்கே சமவெளியை நோக்கி உயர்ந்து நின்ற மலையொன்று அவர் கண்ணிற் பட்டது. நேர்கோட்டில் அமைந்த இரண்டிடங்களினின்று அதன் உச்சியின் ஏற்றக்கோணங்களை அளந்து, உயரம் 652 முழம் எனக் கணித்தார். பின் உச்சியில் ஏறி, தொடுவானத்தின் இறக்கக்கோணம் 34 கலை எனக் கண்டார். உச்சியினின்று தொடுவானத்துக்குச் செல்லும் பார்வைக்கோடு புவிக்குத் தொடுகோடாகும். ஆதலின் இறக்கக்கோணமே புவிமையத்திலும் அமையும். அதன் கோசைன், ஆரையை ஆரையும் மலையுயரமும் சேர்ந்த தொகையால் வகுத்த ஈவாகும். இவ்வாறு அவர் பெற்ற ஆரை 12,803,337 முழம்.

இம்முறையைக் கண்டவர் அவரே என்பாருமுளர். அவரோ, அல்மஃமூன் காலத்துச் சனத் இபின் அலி இதனைக் கையாண்டதைத் தம் நூலிலே குறித்துள்ளார்.

விடையின் நுட்பத்தை வியப்போர் ஒன்றைக் கருதுவதில்லை. 34 கலையில் ஒரு கலை பிழைப்பின் ஆரையில் நூற்றுக்கு ஏறத்தாழ ஆறு பங்கு பிழைக்கும். கோசைனை 216,000இல் 215,989 பங்காக அவர் கொண்டார். குறையும் பங்கு உண்மையில் 10.56, அவர் கொண்டதோ 11. இச்சிறு வேறுபாட்டினாலேயே ஆரை நூற்றுக்கு நான்கு பங்கு குறைந்தது. மறுபுறம், வளியில் ஒளி முறிதலால் தொடுவானம் உயர்ந்து தோன்றும்; அது ஆரையைக் கூட்டிக் காட்டும். அவர் கொண்ட முழத்தின் நீளமோ அறிஞரிடை இன்னும் வழக்கிலுள்ளது. எனவே, விடை இன்றைய அளவோடு நூற்றுக்கு ஒரு பங்குதானும் வேறுபடாது எனப் பாராட்டுதல் பொருந்தாது. போற்றத்தக்கது முறையே.

அல்பீரூனியின் கணக்குப்படி ஒரு பாகைக்கு 56 அராபிய மைலுக்குச் சற்றுக் குறைவாகவே வந்தது. அல்மஃமூனின் அறிஞர் கண்டது 56 2/3 மைல். இரண்டும் நெருங்கியிருக்கக் கண்டு அவர் மனநிறைவுற்றார். ஆயினும், அவர்தம் கருவிகள் நுண்ணியவை, உழைப்பும் மிகுதி என்று கூறி, 1030ஆம் ஆண்டளவில் எழுதிய பெருநூலிலே தம் அளவை விடுத்து அவர்தம் அளவையே கைக்கொண்டார்.