டிரிப்சினோஜனும் அதன் தடைகளும்: கணைய நொதிகள் செயலுறுதல் பற்றிய ஒரு மறுவாசிப்பு

கணைய நொதிகள் செயலுறும் விதத்தைப் பாடநூல்கள் ஒரு சங்கிலித்தொடராக வரைகின்றன. முன்சிறுகுடலின் உட்சுவரில் பதிந்துள்ள என்டெரோபெப்டிடேஸ், டிரிப்சினோஜனை வெட்டி டிரிப்சினாக்குகிறது; டிரிப்சின் கைமோடிரிப்சினோஜன், புரோஎலாஸ்டேஸ், புரோகார்பாக்சிபெப்டிடேஸ் முதலிய முன்நொதிகளைச் செயலுறச் செய்கிறது. இதில் பிழையில்லை. ஆயினும் டிரிப்சினை உண்டாக்குவதைவிட, அது குடலை எட்டும் முன் உண்டாகாமல் காப்பதற்கே உடலில் ஏற்பாடுகள் மிகுதி என்பது இக்கட்டுரையின் வாதம்.

எவை பூட்டிவைக்கப்படுகின்றன என்பதே ஒரு சான்று. மாச்சத்தைச் சிதைக்கும் அமைலேஸ், செயல்படும் நிலையிலேயே கணையத்திலிருந்து வெளியேறுகிறது. செல்லின் உடலாகிய புரதத்தையும் அதன் சவ்விலுள்ள பாஸ்ஃபோலிப்பிடையும் தாக்கவல்ல நொதிகள் மட்டும் முன்வடிவில் சுரக்கின்றன.

மனித டிரிப்சினோஜனின் முகப்பில் எட்டு அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டு உண்டு. அதன் கடைக்கோடியில் லைசினும், அதற்கு முன் வரிசையாக நான்கு ஆஸ்பார்ட்டிக் அமிலங்களும் நிற்கின்றன. லைசினை அடுத்து வெட்டுவது டிரிப்சினின் இயல்பு. எனவே உருவான சிறிதளவு டிரிப்சினே எஞ்சிய டிரிப்சினோஜனை வெட்டத் தொடங்கக்கூடும். அந்த நான்கு எதிர்மின்னேற்றங்கள் அதைப் பெரிதும் மட்டுப்படுத்துகின்றன. என்டெரோபெப்டிடேசோ அதே வரிசையை அடையாளம் கண்டுதான் வெட்டுகிறது. 1899இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பாவ்லோவின் ஆய்வுக்கூடத்தில் ஷெபோவால்னிகோவ் இந்நொதியைக் கண்டறிந்தபோது, பாவ்லோவ் இதை நொதிகளின் நொதியாகக் கருதினார். அம்மதிப்பு தகும், ஆனால் அவர் கண்ட அந்தத் தனியுரிமை, டிரிப்சினுக்கு இடப்பட்ட தடையிலிருந்தே பிறக்கிறது.

வெட்டுக்குப் பின் வெளிப்படும் ஐசோலூசின் முனை உள்மடிந்து உப்புப் பிணைப்பு கொள்ள, செயல்மையம் உருப்பெறுகிறது. கணையத்துக்குள்ளேயே இது நேர்ந்துவிட்டால் ஸ்பிங்க்1 என்னும் தடுப்புப் புரதம் டிரிப்சினை மறிக்கிறது. கைமோடிரிப்சின் சி டிரிப்சினோஜனைச் சிதைக்கிறது.

இரு பரம்பரை நோய்களை அருகருகே வைத்தால் வாதம் தெளிவாகும். 1969இல் விவரிக்கப்பட்ட பிறவி என்டெரோபெப்டிடேஸ் குறைபாட்டில் குழந்தை வயிற்றுப்போக்கால் மெலிகிறது; கணைய நொதி மருந்து கொடுத்தால் தேறுகிறது, வளர்ந்தபின் மருந்தின்றியே வாழ்வோரும் உண்டு. மாறாக, 1996இல் அறியப்பட்ட பிறழ்வில் டிரிப்சினோஜனின் 122ஆம் இடத்து ஆர்ஜினின் ஹிஸ்டிடினாகிறது. டிரிப்சின் தன்னைத்தானே வெட்டி அழியும் இடம் அதனால் மறைகிறது. விளைவு, இளவயதிலிருந்தே திரும்பத் திரும்பக் கணைய அழற்சி. செயலுறாமை ஈடுசெய்யத்தக்கது, இடம்தவறிய செயலுறல் உறுப்பையே சிதைக்கிறது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்றுண்டு. முதன்மையான டிரிப்சினோஜன் மரபணு நீக்கப்பட்ட எலிகளில், 2011இல் வெளியான ஆய்வின்படி, செல்லழிவு குறைந்தது, அழற்சியோ குறையவில்லை. ஆகவே நோய் முழுவதையும் டிரிப்சின்மேல் சுமத்த இயலாது. செல்லழிவின் ஒரு பங்கை மட்டுமே அதற்கு உரியதாக்கலாம். தமிழகத்திலும் கேரளத்திலும் காணப்படும் வெப்பமண்டலக் கல்படிவக் கணைய அழற்சியும் இந்த வரம்பை உணர்த்துகிறது. அந்நோயாளர் பலரிடம் ஸ்பிங்க்1 மரபணுவில் பிறழ்வு காணப்படுகிறது; ஆனால் அதே பிறழ்வோடு நோயின்றி வாழ்வோரும் இருக்கிறார்கள். தடைகள் பல இருப்பதால், ஒன்று தளர்ந்த மாத்திரத்தில் கணையம் சிதைந்துவிடுவதில்லை.